விருந்துக்கு முன்னே: கேக்கு உருண்டையும் உறைகுளிரும்

விருந்து என்னுஞ் சொல் முதற்கண் புதுமையைக் குறித்தது. பின்னர்ப் புதியராய் வந்தாரைக் குறித்தது. அதன்பின் அவர்க்கு இடும் உணவையுங் குறிப்பதாயிற்று. ஆகவே, விருந்துணவு புதியதாக இருத்தல் வேண்டும் என்னும் நெறி அச்சொல்லினுள்ளேயே அமைந்து கிடக்கின்றது. ஆனால், நாற்பது ஐம்பது பேர் வரும் நாளில், ஒவ்வொரு பண்டத்தையும் அன்றே செய்யப் புகுவோர் அடுக்களையை விட்டு வெளியே வருதல் அரிது. வந்தவர் கூடத்தில் அமர்ந்திருக்க, அழைத்தவர் அடுப்பருகே நிற்பாராயின், உணவு மிக்கிருந்தும் விருந்து குறைவுடையதே. முன்னரே செய்துவைத்தால் ஓய்வு கிட்டும். ஆயினும் பண்டம் பழையதாகும். ஓய்வையும் புதுமையையும் ஒருங்கே பெறுதற்கு வழியுண்டோ?

இவ்வினாவை ஒரு சிறு பண்டத்தின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்தநாள் விழாக்களிலும், மணமகட்கும் கருவுற்ற மகளிர்க்கும் தோழியர் நடத்தும் பரிசு விருந்துகளிலும், கிறிஸ்துமஸ் காலத்தும் மேசையின்மேல் காணப்பெறும் மிட்டாய்ப் பூச்சுக் கேக்கு உருண்டையே அப்பண்டம். அதனைப் பல நாள் முன்னதாகச் செய்து, உறைகுளிரில் வைத்து, விருந்தன்று எடுத்து வைக்கும் வழக்கம் அங்குப் பரவியுள்ளது. அவ்வாறு செய்தவருள் சிலர் அழகிய உருண்டைகளைப் பெறுகின்றனர். சிலரோ பூச்சு வெடித்து, மேலே நீர் அரும்பி, வண்ணம் கரைந்து வழிந்த உருண்டைகளைப் பெறுகின்றனர். பண்டம் ஒன்றே, குளிரும் ஒன்றே, பயன் மட்டும் வேறுபடுவது ஏன்?

விடையை முன்னரே சொல்லிவிடலாம். எல்லா வேலையையும் முன்னரே முடித்தல் இதற்கு வழியாகாது. எது காத்திருக்கும், எது காத்திராது என்று பிரித்தறிந்து, காத்திருப்பதை முன்னும் காத்திராததைப் பின்னும் செய்தலே வழி. இதன் காரணங்களை முறையே காண்பாம்.

பண்டமும் அதன் வரலாறும்

மிஞ்சிய கேக்கை உதிர்த்துப் பிசைந்து உருண்டையாக்கும் வழக்கம் பழையது. டென்மார்க்கு நாட்டு அடுமனைகளில் மீந்த கேக்குத் துணுக்குகளை ரம் மணங்கூட்டி உருட்டி விற்பது வழக்கம். அமெரிக்காவில் இவ்வுருண்டைக்கு மிட்டாய்ப் பூச்சிட்டு, குச்சியிற் செருகி, பூவாகவும் கோழிக்குஞ்சாகவும் அழகுபடுத்தும் முறையைப் பரப்பியவர் பேக்கரெல்லா என்னும் புனைபெயர் கொண்ட ஆஞ்சி டட்லி என்பவர். 2008ஆம் ஆண்டில் அவர் செய்த குச்சிக் கேக்குகள் நாடெங்கும் அறியப்பெற்றன; 2010இல் அவை பற்றிய அவரது நூல் வெளிவந்தது. 2011இல் ஸ்டார்பக்ஸ் என்னும் காப்பிக்கடை நிறுவனம் தன் கடைகளிலேயே இவற்றை விற்கத் தொடங்கியது.

உறைகுளிரின் வரலாறு இதனினும் முந்தையது. கிளாரென்ஸ் பர்ட்ஸை என்னும் அமெரிக்கர், 1912ஆம் ஆண்டு முதல் லாப்ரடார் என்னும் வடபுலத்தில் தங்கியிருந்த காலத்தில், பனிக்கட்டியின்மேல் எடுத்துப் போட்ட மீன் கடுங்குளிர்க் காற்றில் நொடியில் உறைவதையும், பன்னாள் கழித்து உருக்கிச் சமைத்தபோதும் அது சுவை கெடாதிருப்பதையும் கண்டார். மெல்ல உறையும் பொருளில் நீர் பெரிய படிகங்களாகித் திசுக்களைக் கிழிக்கும். விரைந்து உறையும் பொருளில் படிகங்கள் நுண்ணியனவாய்ப் பொருளைச் சிதைக்கா. இவ்வுண்மையைக் கொண்டு அவர் விரைந்து உறைவிக்கும் பொறிகளை அமைத்தார். 1930இல் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில் அம்முறையால் உறைந்த உணவுப் பொருள்கள் முதன்முதல் விற்பனைக்கு வந்தன. இன்று அந்நாட்டு வீடுகளில் உறைபெட்டி இல்லாத அடுக்களை அரிது.

ஈண்டு இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். குளிர்ப்பெட்டி என்பது ஏறத்தாழ 4 டிகிரி சென்டிகிரேடில் நிற்பது. உறைபெட்டி என்பது சுழிக்குக் கீழே 18 டிகிரியில், அதாவது பாரன்ஹீட் அளவையில் 0 டிகிரியில் நிற்பது. இவ்விரண்டின் வேற்றுமையே இக்கட்டுரையின் பாதி எனலாம்.

செய்முறை

13 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள தட்டில் ஒரு கேக்கைச் சுட்டு முற்றும் ஆறவிடுக. சூடு சிறிது எஞ்சியிருப்பினும், பின்னர்ச் சேர்க்கும் கிரீம் உருகிப் பிண்டம் எண்ணெய் கசியும். ஆறிய கேக்கைக் கையால் உதிர்த்துப் பொடியாக்கி, வெண்ணெயுஞ் சர்க்கரையும் கூட்டிய கிரீமைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைக. 2010இல் வழங்கிய முறைப்படி, 18 அவுன்ஸ் அளவுள்ள ஒரு பெட்டிக் கேக்கு மாவுக்கு, 16 அவுன்ஸ் கிரீம் டப்பாவில் முக்காற்பங்கு போதும். இதனின்று 48 உருண்டைகள் கிடைக்கும். இப்பொழுது அப்பெட்டிகள் பல 15 அவுன்ஸ் அளவிலும் அதற்குக் குறைவாகவும் வருகின்றன. ஆதலின் பழைய கணக்கை அப்படியே பின்பற்றுவோர்க்குக் கிரீம் மிகுந்துவிடும்.

அளவைக் கையே சொல்லும். பிசைந்ததில் ஒரு பிடி எடுத்து அமுக்கினால், அது உதிராது உருவம் நிற்றல் வேண்டும். உள்ளங்கையில் எண்ணெய்ப் பசையும் படிதலாகாது. கிரீம் குறைந்தால் உருண்டை விரியும். மிகுந்தால் தன் பாரத்தாலேயே குச்சியினின்று வழுக்கி இறங்கும். நம் இல்லங்களில் மாவுருண்டை பிடிப்போர் பாகின் பதம் பார்க்கும் அதே நுட்பம் ஈண்டும் வேண்டப்படுகின்றது. உருண்டை ஒன்று ஏறத்தாழ ஒன்றரை அங்குலக் குறுக்களவும் 25 கிராம் எடையும் உடையதாக இருப்பின், பூச்சைத் தாங்கும், குச்சியிலும் நிற்கும்.

பின்னர் அவற்றைக் குளிர்வித்து, உருக்கிய மிட்டாய்ப் பூச்சில் தோய்த்தெடுக்க வேண்டும். குச்சியிடுவோர் குச்சியின் நுனியை முதலிற் பூச்சில் தோய்த்து, உருண்டையின் நடுவரை செலுத்துவர். அப்பூச்சு இறுகிப் பசைபோல் நின்று குச்சியைப் பிடித்துக்கொள்ளும்.

குளிர் செய்யும் நன்மை

சுட்ட மாப்பண்டம் ஏன் பழையதாகின்றது? நீர் வற்றுதலாலே என்று கூறுதல் எளிது. ஆனால், 1852ஆம் ஆண்டிலேயே பூசிங்கோ என்னும் பிரெஞ்சு வேதியியலார், நீர் வெளியேறாதவாறு காத்த ரொட்டியும் பழையதாகும் என்பதையும், அதனை மீளச் சூடாக்கினால் மென்மை திரும்பும் என்பதையும் காட்டினார். பின்வந்தோர் காரணம் கண்டனர். மாவிலுள்ள ஸ்டார்ச்சு சூட்டில் நீரை உண்டு நெகிழ்கின்றது. ஆறியபின் அதன் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மீண்டும் ஒழுங்குபட்டு இறுகுகின்றன. இவ்விறுக்கமே பழமை.

இதனுள் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இவ்விறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரிலேதான் மிக விரைந்து நடைபெறும். அதாவது, ரொட்டியைக் காக்கும் என்று நாம் நம்பும் குளிர்ப்பெட்டியே அதனை விரைந்து பழையதாக்குகின்றது! உறைபெட்டியின் கடுங்குளிரிலோ மூலக்கூறுகள் அசைதற்கு இடமின்றி நிற்க, பழமையும் ஏறத்தாழ நின்றுவிடுகின்றது. கேக்கில் சர்க்கரையும் கொழுப்பும் மிக்கிருத்தலின், இம்மாறுதல் ரொட்டியினும் மெல்லவே நிகழும். எனினும் நெறி ஒன்றே. ஆதலின், ஒரு திங்கள் வைக்க வேண்டிய கேக்கு உருண்டைக்கு ஏற்ற இல்லம் உறைபெட்டி. குளிர்ப்பெட்டியோ அதற்கு ஓரிரவு தங்கிச் செல்லும் சத்திரமே.

உருண்டையின் சிறுமையும் ஈண்டு உதவுகின்றது. முழுக் கேக்கு உறைய நெடும்பொழுது ஆகும்; 25 கிராம் உருண்டையோ விரைந்து உறையும்; படிகங்களும் சிறியனவாகும். இதன் பொருட்டே, உருண்டைகளை முதலில் ஒன்றையொன்று தொடாதவாறு தட்டிற் பரப்பி இரண்டு மணிநேரம் உறைவித்து, அதன்பின் பையில் இடுகின்றனர். தொடக்கத்திலேயே பையிலிட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கட்டியாகி மெல்ல உறைவதோடு, பிரிக்கும்போது உடையவுஞ் செய்யும்.

பையினுள் காற்று இருத்தலாகாது. உறைபெட்டியின் வறண்ட காற்றில் பனிக்கட்டி உருகாமலே ஆவியாய்ச் செல்லும். அவ்வாறு நீரிழந்த இடம் வெளிறிக் கரடாகும். மேலும், கொழுப்பு அயல்மணங்களை எளிதில் ஏற்கும் இயல்பினது; மீனும் வெங்காயமும் உள்ள உறைபெட்டியில் மூடாது வைத்த கேக்கு அவற்றின் மணத்தையே விருந்தினர்க்கு அளிக்கும். ஆகவே இரட்டை உறையிட்டு, காற்றை வெளியேற்றி, நாளைக் குறித்து வைத்தல் நன்று. சுழிக்குக் கீழே 18 டிகிரியில் நுண்ணுயிர்கள் பெருகா. எனினும் அவை இறந்துவிட்டன என்று எண்ணற்க. உருகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும். பாலாடைக்கட்டி சேர்ந்த கிரீமைக் கொண்டு செய்த உருண்டைகளை, அமெரிக்க அரசாங்கத்தார் விதித்த பொது நெறிப்படி, அறையின் வெப்பத்தில் 2 மணிநேரத்திற்கு மேலும், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிற்காலத்தில் 1 மணிநேரத்திற்கு மேலும் வெளியே வைத்தலாகாது.

இதுகாறும் கூறியவற்றால், பூச்சில்லாத உருண்டை உறைகுளிரில் நன்கு காத்திருக்கும் என்பது தெளிவாம். பூச்சின் நிலை வேறு.

பூச்சின் இயல்பு

பூச்சு இருவகைப்படும். ஒன்று மெய்யான சாக்கலேட்டு. அதன் கொழுப்பு கோக்கோ வெண்ணெய். மற்றொன்று மிட்டாய்ப் பூச்சு. அதில் கோக்கோ வெண்ணெய்க்கு ஈடாகப் பனையினத்து விதைக்கொழுப்பு முதலியன நிற்கும். 1929இல் சிக்காகோவில் தோன்றிய வில்டன் நிறுவனத்தார் விற்கும் வண்ண வில்லைகள் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தவை.

கோக்கோ வெண்ணெய் ஆறு வகைப் படிக வடிவங்களில் இறுகும் என்பதை வில், லட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1966இல் வகுத்துக் காட்டினர். அவற்றுள் ஐந்தாம் வடிவமே பளபளப்பும் முறியும் ஓசையும் உடையது. அஃது உருகுவது ஏறத்தாழ 34 டிகிரியில். அவ்வடிவத்தைப் பெறுதற்குக் கருஞ்சாக்கலேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 28 டிகிரி வரை கிளறி ஆற்றி, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்கு ஏற்றும் முறையைக் கையாளுவர். இதற்குப் பயிற்சி வேண்டும். மிட்டாய்ப் பூச்சுக்கோ இத்தொல்லையில்லை. உருக்கித் தோய்த்தால் தானே இறுகும். இல்லங்களில் அதனை விரும்புதற்குக் காரணம் இதுவே.

இரண்டிற்கும் பொதுவான பகை நீர். உருகிய பூச்சில் நுண்ணிய சர்க்கரைத் துகள்கள் கொழுப்பில் மிதக்கின்றன. ஒரு துளி நீர் புகுந்தால் அத்துகள்கள் ஈரம்பட்டு ஒன்றோடொன்று ஒட்ட, குழம்பு முழுவதும் களிமண் போலக் கட்டிப்படும். ஆதலால் பாத்திரமும் கரண்டியும் உலர்ந்திருத்தல் வேண்டும். வண்ணம் சேர்ப்போர் நீரிற் கரைந்த வண்ணத்தை விடுத்து எண்ணெயிற் கரைந்ததையே கொள்ளல் வேண்டும். பூச்சு தடித்திருப்பின், நீரோ பாலோ சேர்க்காது, தேங்காயெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இளக்குக. மைக்ரோவேவ் அடுப்பில் உருக்குவோர் 30 விநாடிக்கு ஒருமுறை நிறுத்திக் கிளறுவர். சூடு மிகுந்தால் பூச்சு திரிந்துவிடும். திரிந்ததை மீட்டல் அரிது.

இனி, வெடிப்பின் காரணத்தைக் காண்போம். உறைபெட்டியினின்று எடுத்த உருண்டையை அப்படியே வெம்பூச்சில் தோய்த்தால் பூச்சு நொடியில் இறுகும், இறுகும்போது சுருங்கும். உள்ளிருக்கும் உருண்டையோ அறையின் வெப்பத்தை ஏற்று மெல்ல விரியும். சுருங்கும் ஓட்டினுள்ளே விரியும் உருண்டை. எனவே ஓடு வெடிக்கின்றது. வெடித்த வழியே உள்ளிருக்கும் கொழுப்புக் கசிந்து எண்ணெய்த் துளியாய் நிற்கும். உருண்டை குளிர்ப்பெட்டியின் தண்மையை அடைந்தபின், பத்துப் பதினைந்து நிமிடம் வெளியிலிருந்து, கைக்குக் குளிர்ந்தும் கட்டியாயும் இருக்கும் பதத்தில், கடுஞ்சூடில்லாத பூச்சில் தோய்த்தால் வெடிப்பு அரிதாகும். உருண்டைக்கும் பூச்சுக்கும் உள்ள வெப்ப வேற்றுமையைக் குறைத்தலே இதன் மறை.

ஈரத்தால் வருங் கேடு

குளிர்ந்த நீர் நிறைந்த குவளையின் புறத்தே நீர்த்துளி அரும்புவதை அனைவரும் கண்டிருப்போம். குவளையினுள்ளிருந்து நீர் கசியவில்லை. காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த புறத்தில் பட்டுத் துளியாயிற்று. எவ்வளவு குளிர்ந்த பொருளின்மேல் இவ்வாறு பனி படியும் என்பதைக் கணக்கிடலாம். அறை 21 டிகிரியும் காற்றின் ஈரம் நூற்றுக்கு 50 பங்குமாயின், 10 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட பொருளின்மேலேதான் துளி படியும். அறை 27 டிகிரியும் ஈரம் நூற்றுக்கு 60 பங்குமாயின், 18½ டிகிரிக்குக் கீழ்ப்பட்ட எப்பொருளும் வியர்க்கும். கடற்கரை ஊர்களில் ஈரம் இதனினும் மிகுதி. அங்கு இவ்வெல்லை இன்னும் உயரும்.

உறைபெட்டியினின்று எடுத்த பூச்சிட்ட உருண்டை சுழிக்குக் கீழே 18 டிகிரியில் உள்ளது. அதனைத் திறந்த தட்டில் மேசைமேல் வைத்தால் நிகழ்வதைச் சொல்லவும் வேண்டுமோ? மேலெல்லாம் நீர் அரும்பும். அந்நீர் பூச்சிலுள்ள சர்க்கரையைக் கரைக்கும். நீர் உலர்ந்தபின் சர்க்கரை கரடான வெண்படிகமாய்ப் படியும். மேலே தூவிய வண்ண மணிகள் கரைந்து செந்நிறமும் நீலமும் கோடுகளாய் வழியும். தொட்டவர் விரலில் பிசுபிசுக்கும்.

சாக்கலேட்டின்மேல் காணும் வெண்மை இருவகையது. விரலாற் சிறிது தேய்த்தபோது உருகி மறைந்தால், அது கொழுப்பு மேலெழுந்த வெண்மை. சூடேறி ஆறியதனாலோ படிக வடிவம் பிழைத்ததனாலோ வந்தது. தேய்த்தும் மறையாது நறநறவென்றிருந்தால், அது சர்க்கரை வெண்மை, ஈரத்தால் வந்தது. இரண்டும் உண்ணத்தக்கனவே, எனினும் விருந்துக்கு அழகல்ல. நோயின் காரணத்தை அறிய இச்சோதனை உதவும்.

ஆகவே, உறைகுளிரினுள் வைத்ததனால் வந்த கேடு சிறிது. அங்கிருந்து வெளியே கொணர்ந்த முறையால் வந்த கேடே பெரிது. பலர் உள்ளே வைக்கும்போது காட்டும் கவனத்தை வெளியே எடுக்கும்போது காட்டுவதில்லை.

காலமும் இடமும்

திருக்குறளிற் காலமறிதல் 49ஆம் அதிகாரம். அதனையடுத்து வருவது இடனறிதல். வினைமேற் செல்லும் அரசர்க்கு உரைத்த அவ்விரண்டும் அடுக்களை வினைக்கும் பொருந்துவனவே. உறைபெட்டி, குளிர்ப்பெட்டி, கூடத்து மேசை என்னும் மூன்று இடங்களையும், அவற்றிற்குரிய பொழுதுகளையும் வரிசைப்படுத்தினால், வேலை தானே பகுந்து நிற்கும். ஒரு சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு விருந்து எனக் கொள்வோம்.

விருந்துக்கு ஒரு திங்கள் முன்னர்வரை, ஓய்வுள்ள எந்நாளிலும் கேக்கைச் சுட்டு, ஆற்றி, பிசைந்து, உருட்டி, தட்டில் உறைவித்து, பையிலிட்டு, உறைபெட்டியிற் சேர்த்துவிடலாம். பெரும்பகுதி உழைப்பு இத்துடன் முடிந்தது. இதுவே காத்திருக்கும் பகுதி.

வியாழக்கிழமை இரவு பையைத் திறவாமலே உறைபெட்டியினின்று குளிர்ப்பெட்டிக்கு மாற்றுக. பை மூடியிருத்தலின் பனி பையின் புறத்தே படியும். உருண்டை உலர்ந்தே இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை பையை வெளியே எடுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்து, புறத்தீரம் உருண்டைமேற் படாதவாறு எடுத்துப் பூச்சில் தோய்க்கலாம். 48 உருண்டைகளுக்கு 3 பவுண்டு வரை பூச்சு வேண்டும். ஒரே முறையில் எல்லா உருண்டைகளையும் வெளியே பரப்பற்க. பத்துப் பத்தாக எடுத்தால், பின்னின்றவை இளகாதிருக்கும். தூவுவனவற்றைப் பூச்சு இறுகுமுன்னரே தூவுக. வெண்ணெய்ச் சர்க்கரைக் கிரீமாற் செய்தவற்றை மூடிய பெட்டியில் குளிர்ந்த அறையிலேயே ஓரிரவு வைக்கலாம். பாலாடைக்கட்டி சேர்ந்தவற்றைக் காற்றுப் புகாப் பெட்டியில் குளிர்ப்பெட்டியினுள் வைத்து, விருந்துக்குச் சிறிது முன்னர் வெளியே எடுத்துப் பெட்டியை மூடியபடியே குளிர் தணியவிட்டு, பின்னர்த் திறக்கலாம்.

சனிக்கிழமை செய்யத்தக்கது தட்டில் அடுக்குதல் ஒன்றே. அழைத்தவர் வாயிலில் நின்று வருவோரை வரவேற்கலாம்.

பூசியபின் உறைவிக்க நேரின்

வெள்ளிக்கிழமையும் ஓய்வில்லாதார் உண்டு. பணிமனையில் உழைப்போரும், கைக்குழந்தை உடையோரும், நெடுந்தொலை சென்று விருந்து நடத்துவோரும் பூச்சிட்டு முடித்த உருண்டைகளையே உறைவிக்க வேண்டியவராவர். இது கூடாததன்று, கட்டுப்பாடு மிகுதியாக வேண்டும் என்பதே வேறுபாடு.

முதலாவது, ஒரே நிறப் பூச்சைக் கொள்க. கரையும் வண்ண மணிகளைத் தவிர்த்து, அதே பூச்சினால் இட்ட கோடுகளையே அணியாகக் கொள்க. இரண்டாவது, பூச்சு முற்றும் இறுகியபின், முதலிற் குளிர்ப்பெட்டியிலும் பிறகே உறைபெட்டியிலும் வைத்துப் படிப்படியாகக் குளிர்விக்க. மூன்றாவது, உருண்டைகளைத் தாளிட்ட பெட்டியில் ஒரே அடுக்காக வைத்து, பெட்டியையும் இரட்டைப் பையிலிடுக. நான்காவது, எடுக்கும்போதும் படிப்படியாகவே எடுக்க: உறைபெட்டியினின்று குளிர்ப்பெட்டியில் ஓரிரவு, அங்கிருந்து மேசைமேல் இரண்டு மூன்று மணிநேரம், அதுவரை பெட்டியைத் திறத்தலாகாது. ஆவலால் நடுவே ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பினும், ஈரக்காற்று உட்புகுந்து குளிர்ந்த பூச்சின்மேற் படியும். பாலாடைக்கட்டிக் கிரீமை இம்முறைக்குக் கொள்ளாதிருத்தல் நலம். மேசைமேல் இருக்கும் பொழுதும் முற்கூறிய 2 மணிநேரக் கணக்கிற் சேர்ந்துவிடும்.

ஐந்தாவதும் தலையாயதுமான நெறி, சோதித்தறிதல். 48 உருண்டைகளைச் செய்வதற்கு இரண்டு வாரம் முன்னரே இரண்டைச் செய்து, உறைவித்து, இம்முறைப்படி வெளியே எடுத்துப் பார்க்க. பூச்சின் வகையும், கிரீமின் அளவும், ஊரின் ஈரமும் வேறுபடுதலின், எந்நூலும் கூறவியலாத விடையை அவ்விரண்டு உருண்டைகள் கூறும். அவை வெடித்திருந்தாலும் இழந்தது சிறிது. முறையை மாற்றப் பொழுதும் உண்டு. விருந்தன்று காலை அவ்வுண்மை தெரியவரின், 3 பவுண்டுப் பூச்சும் ஒருநாள் உழைப்பும் போவதோடு, பிறந்தநாட் குழந்தையின் முகமும் வாடும்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறலாம். முன்னரே செய்த பண்டமும் விருந்தாதல் கூடும். கேக்கின் மென்மை உறைகுளிரிற் காத்திருக்கின்றது. ஆதலின் அதனை முன்னரே செய்க. பூச்சின் பொலிவு ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அஞ்சுகின்றது; ஆதலின் அதனைப் பின்னரே செய்க. அவ்வாறு பகுக்க இயலாதபோது, மூடிய பெட்டியும் படிப்படியான மாற்றமும் பொறுமையும் துணையாகும். குளிர் எவ்வளவு கடியதாயினும் பண்டத்தை அழிப்பதில்லை; ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு விரைந்து தள்ளுதலே அழிக்கின்றது.

மாணவ நண்பர்களே, கல்லூரி விழாக்களிலும் விடுதி விருந்துகளிலும் நம்முட் பலர் பொறுப்பேற்கின்றோம். பண்டம் கேக்கு உருண்டையாயினும் வேறொன்றாயினும், வேலைப்பட்டியலை எழுதுமுன் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இஃது எத்தனை நாள் காத்திருக்கும் என்னும் ஒரு கேள்வியை எழுதி விடை குறித்துக்கொள்வோமாக. அக்குறிப்பின்படி நடந்தால், கடைசி நாளுக்கு எஞ்சுவது சிறிதாகும். அந்நாளின் பெரும்பொழுது, நம்மை நாடி வந்தாரோடு அமர்ந்து உண்பதற்கும் உரையாடுதற்கும் உரியதாகும்.